தோற்ற பாட்டு ஜெயித்த கதை

1965 ஜூன் 15. நியூயார்க்கில் கொலம்பியா ரெக்கார்ட்ஸ் ஸ்டுடியோ. தயாரிப்பாளர் டாம் வில்சன் அன்று பாப் டிலனின் ‘லைக் எ ரோலிங் ஸ்டோன்’ பாட்டுக்கான பதிவு வேலையில் இருந்தார். அதே நாளில் இன்னொரு காரியமும் செய்தார். ஒரு வருஷத்துக்கு முன்பு பதிவாகி, யாரும் கேட்காமல் போன ஒரு பாட்டை எடுத்து, அதன்மேல் எலெக்ட்ரிக் கிடாரும் டிரம்ஸும் சேர்க்கச் சொன்னார். அதைப் பாடிய இருவருக்கும் விஷயமே தெரியாது!

அந்தப் பாட்டுதான் ‘தி சவுண்ட் ஆஃப் சைலன்ஸ்’. பாடியவர்கள் பால் சைமன், ஆர்ட் கார்ஃபன்கல். இருவரும் 1941-ல் பிறந்தவர்கள், நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் சிறு வயது முதலே நண்பர்கள். பாட்டை எழுதும்போது சைமனுக்கு இருபது வயதைத் தாண்டி ஒன்றிரண்டு வருஷம்தான். குளியலறையில் விளக்கை அணைத்துவிட்டு, குழாயைத் திறந்துவிட்டு, கிடாரோடு உட்கார்ந்துகொள்வாராம். சுவரின் ஓடுகளில் பட்டு எதிரொலிக்கும் சத்தம் அவருக்குப் பிடித்திருந்தது. இருட்டும் எதிரொலியும் பாட்டுக்குள் வந்த வழி அதுதான்.

1964 மார்ச்சில் கிடார் துணையோடு, எளிமையாகப் பதிவு செய்தார்கள். அக்டோபரில் ஆல்பம் வந்தது. விற்கவில்லை. பீட்டில்ஸ் அலையில் அமெரிக்காவே ஆடிக்கொண்டிருந்த வருஷம் அது. மெதுவான நாட்டுப்புற பாணிப் பாட்டை யார் கவனிப்பார்கள்? ஜோடி பிரிந்தது. சைமன் இங்கிலாந்து போனார். கார்ஃபன்கல் படிப்பைத் தொடர்ந்தார்.

ஆனால் பாஸ்டனிலும் ஃப்ளோரிடாவிலும் சில ரேடியோக்களில் கல்லூரி மாணவர்கள் அந்தப் பாட்டைக் கேட்க ஆரம்பித்திருந்தார்கள். அந்தச் சின்னச் செய்தியை வில்சன் அலட்சியம் செய்யவில்லை. புது வடிவம் 1965 செப்டம்பரில் வெளியானது. 1966 ஜனவரி 1 தேதியிட்ட பில்போர்ட் பட்டியலில் முதலிடம்! பிரிந்தவர்கள் அவசரமாக ஒன்று சேர்ந்து புது ஆல்பம் செய்தார்கள்.

அப்படியென்றால் பாட்டை ஜெயிக்க வைத்தது எலெக்ட்ரிக் கிடார்தானா? பாதி உண்மை. ஜனங்களின் காதுவரை கொண்டுபோனது அதுதான். ஆனால் மனதில் தங்க வைத்தது வேறு. 1967-ல் மைக் நிக்கோல்ஸ் ‘தி கிராஜுவேட்’ படத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் இதைப் பயன்படுத்தினார். பட்டம் வாங்கிவிட்டு அடுத்து என்ன என்று தெரியாமல் நிற்கும் ஓர் இளைஞனின் தனிமைக்கு அது பொருந்தியது. 2011-ல், இரட்டைக் கோபுரத் தாக்குதலின் பத்தாம் நினைவு நாளில், அதே இடத்தில் சைமன் தனியாகக் கிடாரோடு பாடினார். அங்கே அது அஞ்சலி ஆனது. 2015-ல் ‘டிஸ்டர்ப்ட்’ என்ற ஹெவி மெட்டல் குழு பாடியபோது, பாட்டு பிறந்து அரை நூற்றாண்டு ஆகியிருந்தது. புதிய தலைமுறை ஒன்று அதைத் தன் பாட்டாக எடுத்துக்கொண்டது.

காரணம் எளிது. 60-களின் எதிர்ப்புப் பாடல்கள் பல ஒரு போரையோ ஒரு சட்டத்தையோ குறிவைத்தவை. இந்தப் பாட்டு எந்தச் சம்பவத்தையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதில்லை. மனிதர்கள் பக்கத்தில் இருந்தும் ஒருவர் பேச்சு இன்னொருவரை எட்டுவதில்லை என்ற ஒரே கவலைதான் அதில் இருக்கிறது. அந்தக் கவலைக்கு வயதாவதில்லை. வாத்தியங்கள் மாறினாலும் பாட்டு நிற்பது அதனால்தான்.

டாம் வில்சன்? பாட்டு முதலிடம் பிடித்தபோது அவர் கொலம்பியாவிலேயே இல்லை, வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டார். அடுத்த ஆல்பத்தைத் தயாரித்தவர் பாப் ஜான்ஸ்டன். டிலனை ராக் இசைக்குக் கொண்டுவந்ததிலும் பங்குள்ள அந்தக் கறுப்பினத் தயாரிப்பாளர் 1978-ல், 47 வயதில் இறந்தார். யாரும் யாரையும் கேட்பதில்லை என்று வருந்திய ஒரு பாட்டை, முதலில் காது கொடுத்துக் கேட்டவர்களில் அவரும் ஒருவர். பாட்டைத் தெரிந்த கோடிப் பேரில் அவர் பெயரைத் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான்.