சக்சபோன் கற்ற இருவர்

கத்ரி கோபால்நாத் 2019 ஒக்ரோபர் 11 ஆம் திகதி மங்களூரில் காலமானபோது, 1994 இல் வெளிவந்த ‘டூயட்’ திரைப்படத்தையே பலரும் நினைவுகூர்ந்தனர். அவர் சக்சபோனை யாரிடம் கற்றார் என்பதை ஆராய்ந்தவர்கள் சிலரே. எனக்கு அதுவே சுவையான சரித்திரமாகப் படுகின்றது.

1949 இல் தென் கன்னட மாவட்டத்திற் பிறந்த அவர், தந்தையாரைப் பின்பற்றி முதலில் நாதஸ்வரமே பயின்றார். மைசூர் அரண்மனை வாத்தியக் குழுவில் சக்சபோனைக் கேட்ட பின்னரே மனம் அதன்பாற் சென்றது. ஆனால் அதிற் கர்நாடக இசையைக் கற்பிக்க எவர் இருந்தார்? நாதஸ்வரத்தின் துளையை விரலால் அரைவாசி மூடிக் கமகத்தை இழைக்கலாம். சக்சபோனிலோ துளைகளை மூடுவன விசைகள். விரல் துளையைத் தொடுவதேயில்லை. குழைவு முழுவதையும் உதட்டாலும் மூச்சாலுமே வருவிக்கவேண்டும். மங்களூரில் கோபாலகிருஷ்ண ஐயரிடமும், பின்னர் சென்னையில் ரி. வி. கோபாலகிருஷ்ணனிடமும் அவர் பயின்றார். பின்னவர் வாய்ப்பாட்டிலும் மிருதங்கத்திலும் வல்லவர். சக்சபோன் வித்துவான் அல்லர். அவரிடம் பெற்ற இராகத்தின் உருவத்தைத் தமது வாத்தியத்திற் தேடிக் கண்டுபிடிக்கும் வேலை மாணவனுடையதாயிற்று.

இத்தகைய மாணவர் ஒருவர் ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டு முன்னதாகவே பொஸ்டன் நகரில் இருந்தார். அவர் ஒரு பெண்மணி. பெயர் எலிஸ் ஹோல்.

சக்சபோனை உருவாக்கிய பெல்ஜியத்தவரான அடொல்ஃப் சாக்ஸ் 1846 இல் பிரான்சில் அதற்குக் காப்புரிமை பெற்றார். 1857 முதல் பாரிஸ் இசைக்கல்லூரியில் இராணுவ வாத்தியக்காரருக்குத் தாமே வகுப்பும் நடத்தினார். பிரஷ்யாவுடனான யுத்தம் மூண்ட 1870 இல் அவ்வகுப்பு மூடப்பட்டது. மீண்டும் அது தொடங்கியது 1942 இல், மார்செல் மூலின் கீழ். இடைப்பட்ட எழுபத்திரண்டு ஆண்டுகளும் அக்கல்லூரியின் கதவு இவ்வாத்தியத்திற்கு அடைபட்டே கிடந்தது.

அக்காலத்திலேதான் 1853 இற் பிறந்த திருமதி ஹோல், நாற்பதைக் கடந்த வயதிற் சக்சபோனைக் கையிலெடுத்தார். செவிப்புலன் குன்றத் தொடங்கியதால், காற்றுவாத்தியம் ஒன்று நன்மை தரும் என வைத்திய ஆலோசனை கிடைத்ததாம். கணவர் றிச்சர்ட் ஹோல் குடல்வளரியை அகற்றும் சத்திரசிகிச்சையில் அமெரிக்க முன்னோடிகளுள் ஒருவர். 1897 இல் அதே குடல்வளரி நோயினால் இறந்தார். விதியின் குரூரம் என்பதைத் தவிர வேறென்ன சொல்வது?

கைம்பெண்ணான அவர் பொஸ்டனில் ஜோர்ஜ் லொஞ்ஜியிடம் பயின்றார். லொஞ்ஜி பொஸ்டன் சிம்பொனியின் முதன்மை ஓபோ கலைஞர். இவரும் சக்சபோன் வாசிப்பவர் அல்லர். எனினும் மூச்சின் அளவையும் இசைத்தொடரின் வளைவையும் கற்பிக்க ஓபோக்காரரிலும் தகுந்தவர் யார்? வாசிப்பதற்கு உருப்படிகள் இல்லாத குறையை மாணவி தமது பணத்தினாலேயே நீக்கினார். லெஃப்லர், வென்சான் தெண்டி, கப்லே முதலியோரிடம் புதிய உருப்படிகளை எழுதுவித்தார். டெபுசிக்கும் முன்பணம் கொடுத்தார்.

டெபுசி பணத்தைப் பெற்றார், வேலையை ஒத்திப்போட்டார். 1904 இல் திருமதி ஹோல் பாரிஸ் மேடையில் தெண்டியின் உருப்படியை வாசித்தபோது, அவரது உடையையும் வாத்தியத்தையும் சேர்த்தே டெபுசி எள்ளிநகையாடினார். பெரும் மேதைதான், ஆயினும் இவ்விடயத்தில் அவர் பக்கம் நிற்க என்னால் இயலவில்லை. காது மங்கிவந்த நிலையிற் பயின்று மேடையேறிய ஒருவரைச் செல்வச் சீமாட்டியின் பொழுதுபோக்காகச் சுருக்கியது பின்வந்தோர் எழுத்திலும் தொற்றிக்கொண்டது.

1918 இல் டெபுசி மறைந்தார். அவர் முழுமையாக்காது விட்ட ‘ராப்சொடி’க்கு ரோஜர்-டுகாஸ் வாத்தியக்குழு அமைப்பு எழுதினார். 1919 மே மாதம் பாரிசில் அது அரங்கேறியபோது வாசித்தவர் வேறொருவர். 1924 இற் காலமான திருமதி ஹோல் அதனை ஒருபோதும் மேடையில் வாசிக்கவில்லை. இன்று மேலையிசை முறையிற் சக்சபோன் பயிலும் மாணவர்கள் அவ்வுருப்படியைத் தேடி எடுத்துப் பயில்கின்றனர்.