செட்டிகுளத்தங்கரை மேடை

சென்ற வாரக் கட்டுரையில் சிங்கப்பூரில் ஒரு குன்றில் நின்றோம். 'புக்கிட் லாராங்கான்', தடுக்கப்பட்ட மலை, என்று மலாய்க்காரர்கள் அஞ்சி ஏறாமல் விட்ட குன்று அது. அரசர் இஸ்கந்தர் ஷாவின் அடக்கத்தலம் என்று அங்கே காட்டப்பட்ட இடத்தை 1822-இல் கிராஃபர்டு என்ற பிரிட்டிஷ் அதிகாரி பார்த்து எழுதிவைத்தார். அந்த வம்சத்தின் முன்னோர்களில் ஒருவனாக 'செஜாரா மெலாயு' என்ற மலாய் நூல் சொல்லும் பெயர் ராஜா சூலன். காதில் விழுந்ததுமே அதில் சோழன் ஒலிப்பது நமக்குக் கேட்கும்.

அதை எழுதி முடித்தபோது என் மனம் செஞ்சிக்கு ஓடியது. கடல் தாண்டிய குன்றைக் கதை காத்தது போலவே, நம் விழுப்புரம் மாவட்டத்திலும் ஓர் அரசனின் ஈமத்தலத்தைக் கதைதான் காத்து வருகிறது.

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை பஸ்ஸில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் கோட்டைச்சுவர் தெரியும். வருகிறவர்கள் ராஜகிரியைப் பார்த்து நடக்கிறார்கள். சுமார் 800 அடி ஏற வேண்டும். உச்சிக்கு முன்னால் 24 அடி அகலத்தில், 60 அடி ஆழத்தில் பாறை பிளந்து கிடக்கிறது. அதன் மேல் ஒரு சிறு பாலம். இறங்கி வரும்போது கால் ஓய்ந்து போகும். அதனால் அடிவாரத்துச் செட்டிகுளத்தை எட்டிப் பார்க்கிறவர்கள் குறைவு. தேசிங்கு ராஜனைத் தகனம் செய்த மேடை அங்கேதான் இருக்கிறது.

1690 முதல் 1698 வரை முகலாயப் படை செஞ்சியை முற்றுகையிட்டு, மராட்டியர்களிடமிருந்து பிடித்தது. ஔரங்கசீப் கோட்டையைச் சொரூப்சிங் என்ற புந்தேலா ராஜபுத்திரரிடம் ஒப்படைத்தார். 1714-இல் அவர் இறந்ததும் மகன் தேஜ்சிங் வடக்கிலிருந்து வந்து பொறுப்பேற்றான். தமிழ் நாக்கு அந்தப் பெயரைத் தேசிங்கு ஆக்கிக்கொண்டது. ஆற்காட்டு நவாப் சாதத்துல்லாகான் கப்பப் பாக்கியைக் கேட்டார். ஔரங்கசீப் கொடுத்த பழைய சனது, அதாவது உரிமைப் பட்டயம், செல்லாது என்றார். என் தகப்பனுக்குக் கொடுத்தது எனக்கும் செல்லும் என்றான் பையன். வயது 22. சண்டைக்குக் காரணம் இவ்வளவுதான். இதில் நாட்டு விடுதலையைத் தேடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

1714 அக்டோபர் 3. ஆற்றில் வெள்ளம். கடலி அருகே நடந்த சண்டையில் சிறு குதிரைப்படையோடு பாய்ந்தவன் குண்டுபட்டு விழுந்தான் என்கிறது வரலாறு. கதைப்பாட்டு அப்படி விடவில்லை. நண்பன் மகமத்கான் மாண்டதைக் கண்டதும், வாளை வானத்தில் வீசி, அது இறங்கும்போது மார்பில் ஏந்தி உயிர்விட்டான் என்று பாடுகிறது. மகமத்கானைப் பாட்டு 'மோவுத்துக்காரன்' என்று அழைக்கும். கல்யாணப் பந்தலில் இருந்தவன் ஓலை கண்டதும் எழுந்து, நீலவேணிக் குதிரையில் வந்துவிட்டானாம். அவனையும் குதிரையையும் அடக்கம் செய்த இடம் நீலாம்பூண்டி என்கிறார்கள். ஒரு முஸ்லிம் நவாபுக்கு எதிராக ஒரு முஸ்லிம் தோழன் தன் நண்பனுக்காகச் செத்தான் என்பதை இந்த மண்ணின் பாட்டுக்காரர்கள் முன்னூறு ஆண்டுகளாக ஒரு நெருடலும் இல்லாமல் பாடி வந்திருக்கிறார்கள். இந்தக் கதையின் மிகப் பெரிய செல்வமாக நான் மதிப்பது இதைத்தான்.

பக்கத்துச் சிங்கவரம் குன்றிலும் ஒரு சாட்சி உண்டு. பல்லவர் குடைந்த குகைக் கோயிலில் ரங்கநாதர் படுத்திருக்கிறார். போருக்கு விடை கேட்டு வந்த தேசிங்குக்கு, "போகாதே" என்று சொல்வது போல முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்பது ஊர் நம்பிக்கை. சிலை தேசிங்குக்குப் பல நூற்றாண்டு மூத்தது. ஆனாலும் அந்தத் திரும்பிய முகத்தைப் பார்த்தபோது எனக்கும் தொண்டை அடைத்தது. பெற்ற பிள்ளையைத் தடுக்க முடியாமல் போன ஒரு தாயின் முகம் போலத்தான் அது எனக்குத் தெரிந்தது.

செட்டிகுளத்தங்கரைக்கு மீண்டும் வருகிறேன். தேசிங்கின் சிதையில் அவன் மனைவி ராணிபாயும் ஏறினாள். போருக்கு முன் கணவன் திரைக்கு அப்பால் நின்று விடைபெற்றான், முகம் பார்க்கவில்லை என்கிறது பாட்டு. அவளை வணங்குகிறவர்கள் வணங்கட்டும். வாழ வேண்டிய ஒரு பெண் இங்கே எரிந்தாள் என்பதைத் தவிர வேறெதையும் அந்த இடத்தில் என்னால் நினைக்க முடியவில்லை.

2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. மராட்டியர் படைத்தலங்களாகத் தேர்வான பன்னிரண்டு கோட்டைகளில் தமிழ்நாட்டில் இருப்பது இது ஒன்றுதான். இனி வருகிறவர்கள் கூடுவார்கள். நீங்களும் போவீர்கள். மலை ஏறும் முன், கால் தெம்பாக இருக்கும்போதே, செட்டிகுளத்தங்கரைக்குப் போய்விடுங்கள்.

வென்ற நவாப், தோற்றவனின் மனைவி நினைவாகப் பாலாற்றங்கரையில் ஓர் ஊரை எழுப்பினார். ராணிப்பேட்டை என்பது அதன் பெயர். 2019-இல் அது ஒரு மாவட்டத்தின் பெயரும் ஆயிற்று.