பெருங்கப்பல்களும் மும்பைத் துறைமுகமும்

மும்பை உள்ளூர் ரயிலில் போகிறவர்கள் மஸ்ஜித் பந்தர் என்ற பெயரை நாள்தோறும் கேட்கிறோம். தானா பந்தர், கார்னாக் பந்தர், அப்போலோ பந்தர் என்று கிழக்குக் கரை நெடுகிலும் பந்தர்கள்தாம். பந்தர் என்றால் பாரசீகத்தில் துறை. பதிற்றுப்பத்திலும் முத்துக்குப் பெயர்போன பந்தர் என்றோர் ஊர் வருகிறது. இரண்டையும் தொடர்புபடுத்திப் பேசும் அறிஞர்கள் உண்டு. அந்த வாதம் ஒருபுறம் இருக்கட்டும்.

1980களில் தானா பந்தரில் ஒரு தானியக் கடையில் வேலைக்குச் சேர்ந்து, சந்தை வாஷிக்குப் பெயர்ந்தபோது கூடவே பெயர்ந்தவன் நான். அதனாலோ என்னவோ, இந்தத் துறைமுகத்தின் வரலாற்றைத் தேடிப் படிப்பது பழக்கமாகிவிட்டது. உல்லாசக் கப்பல்கள் ஆண்டுக்கு ஆண்டு பெருத்துக்கொண்டே போகின்றனவே, நம் துறைமுகங்கள் அதற்குத் தயாரா என்று இப்போது பலரும் கேட்கிறார்கள். மும்பை இந்தக் கேள்வியை 1870-லேயே சந்தித்துவிட்டது என்பதே இக்கட்டுரைக்குத் தொடக்கம்.

கரையைத் தொடாத கப்பல்

புருனெல் என்ற ஆங்கிலப் பொறியாளர் வடிவமைத்த 'கிரேட் ஈஸ்டர்ன்' 1858-இல் நீரில் இறங்கியது. நீளம் 211 மீட்டர். 4,000 பயணிகளை ஏற்றலாம் என்பது திட்டம். நீளத்தில் அதை மிஞ்சிய கப்பல் 1899-இல்தான் வந்தது. ஆனால் 1860-இல் நியூயார்க்குக்குச் சென்ற முதல் பயணத்தில் காசு கொடுத்து ஏறியவர்கள் 35 பேர்தாம்! கீழ்த்திசை நாடுகளுக்கு ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு போவதற்கென்றே கட்டிய கப்பல் அது. 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் அந்த நோக்கமும் அடிபட்டுப் போயிற்று.

கடைசியில் அது பம்பாய்க்கு வந்தது பயணிகளோடு அல்ல, கடலடித் தந்திக் கம்பியோடு. பம்பாய்க்கும் ஏடனுக்கும் இடையே 1870-இல் கம்பி போட்டது அந்தக் கப்பல்தான். அன்றைய பம்பாயில் நீர்தேக்கும் கப்பல்துறை ஒன்றுகூடக் கிடையாது. கப்பல் விரிகுடாவில் நங்கூரம் பாய்ச்சி நின்றது.

பயணிக் கப்பல்களின் கதியும் இதுவே. கப்பல் தள்ளி நிற்கும், சிறு படகுகள் ஆட்களை அப்போலோ பந்தரில் கொண்டுவந்து இறக்கும். பழைய சென்னையில் மசூலாப் படகுகள் அலையில் ஏறி இறங்கிச் செய்த அதே வேலை.

நூறடி வாசல்

1873-இல் பம்பாய்த் துறைமுகப் பொறுப்புக் கழகம் அமைந்தது. 1875-இல் சசூன் கப்பல்துறை, 1880-இல் பிரின்ஸ், 1888-இல் விக்டோரியா, 1914-இல் அலெக்சாண்ட்ரா என்று வரிசையாக வந்தன. அலெக்சாண்ட்ராவுக்குத்தான் இன்று இந்திரா கப்பல்துறை என்று பெயர்.

மும்பையில் ஓதம் ஏறி இறங்கும் அளவு அதிகம். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி 4 மீட்டருக்கு மேல் வேறுபடும். நீர் வடிந்தால் கப்பல் தரை தட்டும். ஆகவே கதவு வைத்து நீரை உள்ளே தேக்கி, கப்பலை ஒரே மட்டத்தில் நிறுத்தினார்கள்.

1914-இல் திறந்த அந்தக் கதவுவாசலின் அகலம் 100 அடி, அதாவது 30.5 மீட்டர். அன்றைக்கு அது தாராளம். 1912-இல் மூழ்கிய டைட்டானிக்கின் அகலமே 28 மீட்டர் சொச்சம்தான். இன்றைய பெரிய உல்லாசக் கப்பல்களோ 32 மீட்டரில்தான் கணக்கையே ஆரம்பிக்கின்றன. 2024 ஜனவரியில் பயணம் தொடங்கிய 'ஐகான் ஆஃப் தி சீஸ்' 48 மீட்டர். நூறாண்டுக்கு முன் தாராளமாக வைத்த வாசல் இப்போது போதவில்லை. பிரின்ஸ், விக்டோரியா இரண்டையும் தூர்த்தே விட்டார்கள். உல்லாசக் கப்பல்கள் கதவுக்கு வெளியே, பாலார்டு பியர் நீட்சியில்தான் வந்து நிற்கின்றன.

கப்பலைத் துரத்திக்கொண்டு துறையைக் கட்டினால் ஒரு தலைமுறைக்கு, மிஞ்சினால் இரண்டு தலைமுறைக்குத்தான் அது செல்லும். மும்பை கற்ற முதல் பாடம் இது.

ஆழம் ஒரு பிரச்சினையா?

பெரிய கப்பல் என்றதும் கடலைத் தோண்ட வேண்டும் என்று நினைக்கிறோம். சரக்குப் பெட்டகக் கப்பலுக்கு அது உண்மை. உல்லாசக் கப்பலுக்கு அவ்வளவாகப் பொருந்தாது. டைட்டானிக் 46,328 டன், ஐகான் 2,48,663 டன். இந்த டன் எடையல்ல, கப்பலுக்குள் அடைபட்ட இடத்தின் அளவு. இடம் ஐந்து மடங்குக்கு மேல் பெருத்தும், நீருக்குள் அமிழும் ஆழம் டைட்டானிக்குக்கு 10.5 மீட்டர், ஐகானுக்கு 9 மீட்டர் சொச்சம். அதாவது நூறு வருஷத்தில் கப்பல் கீழே வளரவில்லை, மேலேயும் பக்கத்திலும் வளர்ந்தது.

இதனால் வரும் தொல்லைகள் வேறு. இருபது மாடி உயரம் நின்றால் காற்று அதைப் பாய்மரம்போல் பிடித்துத் தள்ளும். கயிறு கட்டும் தூண்களும் இழுவைப் படகுகளும் அதற்கேற்ற வலுவோடு இருக்க வேண்டும். பாலங்கள் தலையில் இடிக்கும். சிட்னியில் உயரமான கப்பல்கள் துறைமுகப் பாலத்தின் அடியில் நுழைய முடியாமல் இப்பாலேயே நின்றுவிடுகின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, வந்து இறங்கும் ஜனங்கள்.

ஆள் கணக்கு

வியாபாரி கணக்குப் போடாம இருப்பானா? 5,000 பேர் வரும் கப்பல் என்று வைத்துக்கொள்வோம். பேருந்துக்கு 40 பேர் என்றால் 125 பேருந்துகள். அது வழியில் தங்கிப் போகும் கப்பலுக்கு. பயணம் தொடங்கி முடியும் தாய்த்துறை என்றால், காலையில் 5,000 பேர் பெட்டியோடு இறங்குவார்கள், மாலைக்குள் வேறு 5,000 பேர் பெட்டியோடு ஏறுவார்கள். ஆக 10,000.

2025 செப்டம்பர் 20-இல் திறந்துவைக்கப்பட்ட மும்பைப் பன்னாட்டு உல்லாசக் கப்பல் முனையம் ஒரே நேரத்தில் ஐந்து கப்பல்களை நிறுத்தலாம், நாளொன்றுக்கு 10,000 பயணிகளைக் கையாளலாம் என்ற கணக்கில் கட்டப்பட்டது. கப்பல் நீளம் 300 மீட்டர், அமிழும் ஆழம் 11 மீட்டர் வரை. சும்மா சொல்லக் கூடாது, நல்ல ஏற்பாடு. ஆனாலும் 5,000 பேர் கப்பல் ஒன்றே தாய்த்துறையாகக் கொண்டால் அன்றைய கணக்கு முடிந்தது. மற்ற நான்கு இடமும் காலியாக இருந்தும் பயனில்லை.

ஜனத்தை நகரத்தோடு சேர்ப்பதில் பழைய பம்பாய் கெட்டி. பாலார்டு பியருக்கே ரயிலைக் கொண்டுபோனார்கள். மோல் நிலையம் என்று பெயர். 1928-இல் தொடங்கிய பிரான்டியர் மெயில், கடல்வழிப் பயணிகள் மிகுந்து வரும் மாதங்களில் அங்கிருந்தே பெஷாவருக்குப் புறப்பட்டது. கப்பலை விட்டு இறங்கியவர் நகரத் தெருவில் கால் வைக்காமலே வடக்கே போகலாம். இன்று அந்த மோல் நிலையம் இல்லை. முனையத்து வாசலில் இறங்கினால் ஊர்ச் சாலைதான்.

பிற ஊர்களும் இதே இடத்தில்தான் திணறின. வெனிசில் 2019 ஜூனில் பெரிய கப்பலொன்று கட்டுப்பாடிழந்து கரையோரப் படகில் மோதியது. 2021 ஆகஸ்டு முதல் 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் சான் மார்கோ வழியே வரத் தடை. அலாஸ்காவின் ஜூனோவில் ஊர் ஜனம் ஏறத்தாழ 30,000. அங்கே 2026 முதல் நாளொன்றுக்குக் கப்பல் படுக்கைகள் 16,000, சனிக்கிழமை 12,000 என்று வரம்பு. கப்பல் நிற்க இடம் இருந்தும் ஊர் தாங்கவில்லை என்றுதான் வரம்பு வைத்தார்கள்.

நமக்கு எது வேண்டும்?

2021 செப்டம்பரில் மும்பையைத் தாய்த்துறையாகக் கொண்டு ஓடத் தொடங்கிய 'எம்ப்ரஸ்' 1990-இல் கட்டியது, 48,563 டன். 2022 ஜூனில் சென்னையிலிருந்தும் புறப்பட்டது. அதன் நீளம் 211 மீட்டர். 1870-இல் பம்பாயைத் திகைக்க வைத்த கிரேட் ஈஸ்டர்னின் அதே நீளம்! உலகக் கணக்கில் இன்று அது சிறிய கப்பல். ஆனால் நம்மவர்களைக் கோவாவுக்கும் லட்சத்தீவுக்கும் அழைத்துப் போனது அதுதான். சமணர் உணவும் கிடைக்கும் என்று அந்த நிறுவனம் விளம்பரமே செய்தது. வெங்காயம், பூண்டு, கிழங்கு இல்லாமல் கப்பலில் சாப்பாடா என்று எங்கள் நயினார் வீடுகளில் வியந்தார்கள்.

இதிலே வியாபாரச் சூட்சுமம் ஒன்று உண்டு. வழியில் தங்கும் பெருங்கப்பல் அரிசி, பருப்பு முதல் பொழுதுபோக்குவரை எல்லாவற்றையும் வேறு ஊரிலேயே ஏற்றிக்கொண்டு வந்துவிடும். பயணி நாலு மணி நேரம் சுற்றிவிட்டு ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கப்பலுக்கே திரும்பிவிடுவார். நெரிசலும் குப்பையும் ஊருக்கு. நம் துறையிலிருந்தே புறப்படும் நடுத்தரக் கப்பல் அப்படியல்ல. அது காய்கறியும் மளிகையும் இங்கேயே வாங்கும், சலவைக்கும் பழுதுபார்ப்புக்கும் இங்கேயே ஆள் தேடும், முந்தின நாள் வந்து தங்கும் பயணிக்கு விடுதியும் வேண்டும். அப்போது துறைமுகமும் சந்தையும் மறுபடி கைகோத்துக்கொள்ளும். தானா பந்தர் என்ற பெயரே அந்த உறவில் பிறந்ததுதானே?

ஆகவே, உலகத்தின் பெரிய கப்பல் இங்கே வந்து நிற்குமா என்பதை அளவுகோலாக வைக்கக் கூடாது என்பது என் துணிபு. இறங்கியவர் எத்தனை நிமிடத்தில் ரயிலையோ மெட்ரோவையோ பிடிக்கிறார், கப்பல் வாங்கும் சரக்கில் எவ்வளவு உள்ளூர்ச் சரக்கு, கப்பல் கரையில் நிற்கும்போது எஞ்சின் புகை விடாமல் கரை மின்சாரத்தில் நிற்க வசதி உண்டா, சசூன் துறையிலும் பாவுச்சா தக்காவிலும் உள்ள கோலி மீனவரின் படகுக்கு வழி இருக்கிறதா, இந்த நாலையும் கேட்டால் துறைமுகம் தயாரா என்பது தெரிந்துவிடும். வாசலின் அகலத்தை மட்டும் பார்த்தவர்களுக்கு 1914-இன் நூறடி வாசல் இன்றும் அங்கேயே சாட்சியாக நிற்கிறது. நம் வீட்டுப் பிள்ளைகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை பாலார்டு எஸ்டேட் பக்கம் அழைத்துப் போய் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.