போடிப் புதையலும் காகிதப் பணப்பையும்

சேர்த்த பணத்தை எங்கே வைப்பது? கையில் நாலு காசு சேர்ந்த நாளிலிருந்தே மனிதனைத் தூங்கவிடாத கேள்வி இது.

தேனி மாவட்டத்தின் போடிநாயக்கனூரில் முத்திரை குத்தப்பட்ட வெள்ளிக் காசுகள் ஆயிரத்துக்கும் மேல் ஒரே புதையலாகக் கிடைத்தன. பின்புறம் மீன் சின்னம் இருப்பதால் அவை பழங்காலப் பாண்டியர் வெளியிட்டவை என்பது நாணயவியல் அறிஞர்களின் கருத்து. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் எந்தத் திருடனும் அதைத் தொடவில்லை. நல்ல பாதுகாப்புதான்! ஆனால் உரியவரும் எடுக்கவில்லையே? எடுத்திருந்தால் இன்று நமக்கு ஏது புதையல்?

சரி, புதைக்க வேண்டாம், நம்பிக்கையான இடத்தில் கொடுத்து வைக்கலாம் என்றால் அதிலும் ஆபத்து உண்டு. சென்னையில் பெரும் பெயர் பெற்றிருந்த அர்பத்நாட் கம்பெனி 1906 அக்டோபரில் திவாலானது. ஆயிரக்கணக்கானோரின் சேமிப்பு சிக்கிக்கொண்டது. அந்த அடியின் விளைவாகவே மறு ஆண்டு, 1907-இல், இந்தியன் வங்கி பிறந்தது.

இந்த இரண்டு சிக்கல்களும் 2009-இல் தொடங்கிய பிட்காயினிலும் அப்படியே திரும்பி வந்தன.

பிட்காயின் என்பது நாணயமும் அல்ல, நோட்டும் அல்ல. உலகெங்கும் பல கணினிகளில் ஒரே மாதிரி எழுதப்படும் பேரேட்டில் உள்ள ஓர் இருப்பு. அதை வேறொருவருக்கு மாற்ற ஒரு நீண்ட ரகசிய எண் தேவை. அதுதான் சாவி. பலர் அந்தச் சாவியை எக்ஸ்சேஞ்ச் நிறுவனத்திடமே விட்டுவிடுகிறார்கள். 2014-இல் டோக்கியோவின் மவுண்ட் காக்ஸ் சுமார் எட்டரை லட்சம் பிட்காயின்களைக் காணவில்லை என்று சொல்லித் திவாலானது. 2024 ஜூலையில் இந்தியாவின் வாசிர்எக்ஸிலிருந்து சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள கிரிப்டோ திருடுபோனது.

இதற்குப் பயந்தவர்கள் கண்ட வழிகளில் ஒன்றுதான் காகிதப் பணப்பை, அதாவது பேப்பர் வாலட். அதை உருவாக்கும் முறை இதுதான்:

சாவி தயாரிக்கும் நிரலை முதலிலேயே இறக்கிச் சரிபார்த்து, பென் டிரைவில் எடுத்துக்கொள்ள வேண்டும். இணைய இணைப்பே இல்லாத, வைரஸ் இல்லாத கணினியில் அதை இயக்க வேண்டும். அது இரண்டு விஷயங்களைத் தரும். ஒன்று முகவரி, பணம் பெறுவதற்காக யாருக்கும் காட்டலாம். மற்றொன்று ரகசியச் சாவி, யாருக்கும் காட்டக்கூடாது. இரண்டையும் நெட்வொர்க்கில் இல்லாத பிரிண்டரில் அச்சிட வேண்டும். செல்போனில் படம் எடுத்தால் அத்தனை பாடும் வீண்!

முதலில் சிறு தொகையை அனுப்பி, அதைத் திரும்ப எடுத்துப் பார்ப்பது நல்லது. சோதித்த சாவியை விட்டுவிட்டு, சேமிப்புக்குப் புதிதாக ஒன்று தயாரிக்க வேண்டும். பிரதிகள் இரண்டு இடங்களில் இருக்கட்டும். ஒரே பீரோவில் இரண்டையும் வைத்தால் கரையானுக்கு ஒரே வேலைதான்.

பின்னாளில் இந்த முறைக்கு மவுசு குறைந்தது. சாவி தயாரிக்கும் சில இணையதளங்களே மோசடியாக இருந்தன. 2013-இல் வந்த 12 அல்லது 24 சொற்கள் கொண்ட மீட்பு முறை எளிதாக இருந்தது. ஆனால் அந்தச் சொற்களையும் பெரும்பாலோர் காகிதத்தில்தான் எழுதி வைக்கிறார்கள்.

ஆகவே பழைய கேள்வி இன்னும் தீரவில்லை. திருடனுக்குத் தெரியக்கூடாது, ஆனால் உரியவருக்குப் பிறகு குடும்பத்துக்குத் தெரிய வேண்டும். 2012-இல் வந்த ஒரு முறையில் சாவியைக் கடவுச்சொல்லால் பூட்டி அச்சிடலாம். காகிதம் ஒருவரிடம், கடவுச்சொல் இன்னொருவரிடம் என்று பிரித்து வைக்கலாம். எதுவானாலும், அந்தக் காகிதம் எங்கே இருக்கிறது, அது எதற்கு என்று வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

போடிப் புதையல் என்றோ ஒரு நாள் மண்ணிலிருந்து வெளியே வந்தது. தொலைந்த சாவிக்கு அந்த வாய்ப்பும் கிடையாது. இருப்பு பேரேட்டில் எல்லோர் கண்ணுக்கும் தெரியும், ஆனால் ஒருவராலும் எடுக்க முடியாது.