சொல் சேர்த்த தொண்டர்கள்

சங்கம் தொடங்குதல் எளிது. அதனை இடையறாது நடத்துதல் அரிது. பிறமொழி வழங்கும் நகரிலே பிழைப்பின் பொருட்டு வந்து குடியேறிய தமிழர் யாவரும் இவ்வுண்மையை அறிவர். முதலாண்டு விழாவிற்குத் தோரணம் கட்டவும் நாற்காலி சுமக்கவும் நாற்பது பேர் வருவர். மூன்றாம் ஆண்டில் அந்நாற்பது பதினைந்தாகும். ஏழாம் ஆண்டில் செயலாளரும் பொருளாளரும் அவர்தம் இல்லத்தரசியருமே எஞ்சுவர். நம் சங்கத்து ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு இருமுறை நின்றுபோயிற்று. ஆசிரியர் கிடைக்காமையால் அன்று. வந்த ஆசிரியரைப் பேணிக்கொள்ளாமையால் என்பதை ஒளிக்காமல் ஒப்புக்கொள்ளல் வேண்டும். "இக்காலத்தவர்க்குத் தொண்டில் ஆர்வமில்லை" என்று நாம் குறை கூறுவதுண்டு. அக்குறை வருவோருடையதா, வரவேற்போருடையதா? இவ்வினாவிற்கு விடை தரவல்ல வரலாறு ஒன்றுண்டு. ஏறத்தாழ மூவாயிரவர், பெரும்பாலோர் கைம்மாறு கருதாது உழைத்து உருவாக்கிய ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் வரலாறே அது.

தொடக்கமும் தளர்ச்சியும்

1857-ஆம் ஆண்டு இலண்டன் மொழிநூற் கழகத்தார், அந்நாளைய ஆங்கில அகராதிகளில் இடம்பெறாத சொற்களைத் திரட்டக் குழு ஒன்றை அமைத்தனர். ரிச்சர்டு டிரெஞ்சு, ஹெர்பர்ட் கோல்ரிட்ஜ், பிரெடரிக் பர்னிவால் என்னும் மூவர் அதன் உறுப்பினர். விடுபட்ட சொற்களுக்குப் பிற்சேர்க்கை எழுதுவதினும் புதிய அகராதியே இயற்றுதல் நன்று என்னும் கருத்து விரைவில் வலுப்பெற்றது. ஒவ்வொரு சொல்லும் எந்நூலில் முதலில் தோன்றிற்று, காலந்தோறும் எவ்வாறு பொருள் மாறிற்று என்பதை மேற்கோள்களால் நிறுவுதல் அவர்தம் நோக்கம். அதற்கு ஆங்கில நூல்கள் அனைத்தையும் படித்தாக வேண்டும். சிலரால் இயலாத இதனைப் பலரால் முடிக்கலாம் எனத் துணிந்து, தொண்டர்களை அழைத்தனர்.

தொண்டர்களும் வந்தனர். முதற்பதிப்பாசிரியரான கோல்ரிட்ஜ், அவர்கள் அனுப்பும் சீட்டுகளை வைக்க ஐம்பத்து நான்கு அறைகள் கொண்ட மாடம் ஒன்றைச் செய்வித்தார். சில ஆண்டுகளில் பணி முற்றுப்பெறும் என்பது அவரது நம்பிக்கை. ஆனால் 1861-இல், முப்பதாம் வயதிலேயே அவர் மறைந்தார்.

அடுத்துப் பொறுப்பேற்ற பர்னிவால் ஊக்கத்தின் உருவம்; புதிய கழகங்களை அடுத்தடுத்துத் தோற்றுவித்தவர். ஆயினும் தொடங்குதலில் இருந்த வேகம் தொடர்தலில் இல்லை. தொண்டர் அனுப்பிய சீட்டுகள் மூட்டைகளில் கிடந்தன. ஆண்டுகள் பல சென்றும் ஒரு பக்கமேனும் அச்சாகவில்லை. தாம் அனுப்பியது பயன்பட்டதா, குப்பையில் விழுந்ததா என்று அறியாத தொண்டர் ஒருவர்பின் ஒருவராக விலகினர். அவர்களை விரட்டியவர் எவருமில்லை, மறந்தவரே உளர். தொண்டர் பலர் வெளியேறுவது இவ்வாயில் வழியேதான்.

மர்ரே வந்தார்

1879-இல் ஜேம்ஸ் மர்ரே என்னும் பள்ளியாசிரியர் பதிப்பாசிரியர் ஆனார். ஸ்காட்லாந்தில் தையற்காரர் ஒருவரின் மகனாகப் பிறந்து, பதினான்காம் வயதில் பள்ளியை விட்டு, தம் முயற்சியாலேயே பல மொழிகளைக் கற்றவர் அவர். பர்னிவாலிடமிருந்து அவரிடம் வந்து சேர்ந்த சீட்டுகள் ஏறக்குறைய இரண்டு டன் எடை. ஒரு மூட்டையில் செத்த எலி கிடந்தது. மற்றொன்றில் சுண்டெலி குஞ்சுகளுடன் குடியிருந்தது. 'எச்' எழுத்துச் சீட்டுகள் இத்தாலியில் பிளாரன்சு நகரிலே அகப்பட்டன. 'பி' எழுத்தில் ஒரு பகுதி அயர்லாந்தில் குதிரைக் கொட்டில் ஒன்றில் இருந்தது. அதிலும் பெரும்பங்கு அடுப்பெரிக்கச் செலவாகிவிட்டது. எத்தனை பேரின் எத்தனை இரவுகளின் உழைப்பு அவ்வடுப்பில் எரிந்ததோ!

மர்ரே மனந்தளரவில்லை. தாம் பணியாற்றிய மில் ஹில் பள்ளி வளாகத்தில் இரும்புத் தகட்டுக் கொட்டகை ஒன்றை எழுப்பி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட அறைகளைச் சுவரோரம் அமைத்தார். அவ்வாண்டு ஏப்ரலில் ஆங்கிலம் பேசுவோர்க்கும் படிப்போர்க்கும் வேண்டுகோள் ஒன்றை அச்சிட்டு வெளியிட்டார். 'உதவி செய்யுங்கள்' என்று பொதுப்பட அவர் கேட்கவில்லை. ஆயிரம் பேர் வேண்டும், மூன்றாண்டு வேண்டும், இன்னின்ன நூல்கள் படிக்கப்பட வேண்டும், சீட்டில் சொல்லை இவ்விடத்திலும் ஆண்டையும் நூலையும் இவ்விடத்திலும் எழுத வேண்டும் என அனைத்தையும் வரையறுத்தார். அரைத்தாள் அளவுள்ள சீட்டை எவரும் தம் வீட்டிலிருந்தே, கிடைத்த அரைமணி நேரத்தில் எழுதலாம். பெரும்பணியைச் சிறுகூறுகளாக்கி ஒவ்வொருவர் கைக்கும் எட்டச் செய்தமையே அவரது முதல் வெற்றி.

ஏவல் பிழைத்தால் விளைவும் பிழைக்கும் என்பதை அவர் அறிந்திருந்தார். பழையனவும் அரியனவுமான சொற்களைக் குறிக்கச் சொன்னமையால் தொண்டர் அவற்றையே தேடி அலைந்தனர். 'அப்யூஷன்' என்னும் அருஞ்சொல்லுக்கு ஐம்பது மேற்கோள். நாள்தோறும் வழங்கும் 'அப்யூஸ்' என்பதற்கோ ஐந்துகூட இல்லை. மர்ரே தொண்டரை நோகவில்லை. இனி எளிய சொற்களையும் எழுதுக என்று விளக்கி, எச்சொற்களுக்குச் சான்று குறைகின்றது என்னும் பட்டியலை அச்சிட்டு அனுப்பினார். தம் உழைப்பு இன்று எவ்விடத்தில் வேண்டப்படுகின்றது என்று தொண்டர்க்குத் தெரிந்தது.

1884-இல் முதற்பகுதி 352 பக்கங்களுடன் வெளிவந்தது. அது 'ஆண்ட்', அஃதாவது எறும்பு என்னும் சொல்லுடன் நின்றது. பத்தாண்டில் முழுப்பணியும் முடியும் என்ற ஒப்பந்தத்தில் ஐந்தாண்டு கழிந்திருந்தது! பதிப்பகத்தார்க்கு இது கவலை. தொண்டர்க்கோ தாம் எழுதியது அச்சேறியதைக் கண்ட களிப்பு. மறு ஆண்டு மர்ரே ஆக்ஸ்போர்டிற் குடியேறினார். கடிதப் பெருக்கைக் கண்ட அஞ்சல் துறையார் அவர் வீட்டு வாயிலிலேயே அஞ்சற்பெட்டி ஒன்றை நாட்டினர். தோட்டத்துக் கொட்டகையின் குளிரில் மேலங்கி போர்த்து, கால்களைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு தொண்டர்க்கு அவர் கடிதங்கள் எழுதினார். அவர்தம் மக்கள் பதினொருவரும் சிறு கைக்காசு பெற்றுச் சீட்டுகளை அகரவரிசைப்படுத்தினர்.

ஆளறிந்து பணி

தொண்டர் அனைவரும் ஓரளவினர் அல்லர். தாமஸ் ஆஸ்டின் என்பவர் 1,65,000 மேற்கோள்களை அனுப்பினார்; வில்லியம் டக்ளஸ் என்பவர் 1,36,000. சில சீட்டுகளே அனுப்பியோரும் பலர். பலவற்றுக்கும் சிலவற்றுக்கும் அறை ஒன்றே.

பிட்செட்வர்டு ஹால் என்பவரின் கதை நம் நாட்டோடு தொடர்புடையது. அமெரிக்கரான அவர் 1846-இல் கங்கை முகத்துவாரத்தில் கப்பலுடைந்து இந்தியக் கரை சேர்ந்தார். பின் காசி அரசினர் கல்லூரியில் வடமொழிப் பேராசிரியராய் விளங்கினார். இங்கிலாந்து சென்ற பின்னர் அறிஞர் சிலருடன் பகை நேர, சிற்றூர் ஒன்றில் ஒதுங்கி வாழ்ந்தார். உலகை வெறுத்த அவரே ஏறத்தாழ இருபதாண்டுக் காலம் நாள்தோறும் நான்கு மணி நேரம் அகராதியின் அச்சுப்படிகளைத் திருத்தினார். அவரும் மர்ரேயும் ஒருமுறையேனும் சந்தித்ததில்லை என்பர். கடிதங்களே அவ்வுறவைக் காத்தன.

வில்லியம் மைனர் என்னும் மருத்துவர் மனநோயால் கொலை புரிந்து, பிராட்மூர் மனநோய்க் காப்பகத்தில் அடைக்கப்பட்டவர். தம்மிடமிருந்த நூல்களுக்குத் தாமே சொல்லடைவு செய்து, 'இவ்வாரம் எச்சொல் வேண்டும்?' என்று கேட்டு, அதற்குரிய மேற்கோளையே அனுப்புவது அவர் முறை. மர்ரே அவரை இகழாது நேரிற் சென்று கண்டார். சமூகம் ஒதுக்கிய ஒருவர்க்கும் பயன்படும் பணி ஒன்று இருந்தது; அப்பணி அவருக்கும் பற்றுக்கோடாயிற்று.

பெயரும் பெருமையும்

தொண்டர் பெயர்களையும் அவரவர் தந்த மேற்கோள்களின் எண்ணிக்கையையும் அகராதியின் முகவுரைகளில் மர்ரே அச்சிட்டார். ஊதியம் அளிக்க இயலாதவர் பெயரையேனும் அளித்தார். இதில் உலகியல் அறிவும் உண்டு, அறமும் உண்டு.

ஆயினும் இவ்வரலாற்றிற் குறையே இல்லை என்று கூற மாட்டோம். 'பாண்ட்மெயிட்' என்னும் சொல்லின் சீட்டுகள் தவறிப் போனமையால் அச்சொல் அகராதியிலேயே இடம்பெறாது போயிற்று. 1933-இல் பிற்சேர்க்கையிற்றான் ஏறியது. குறை இன்னுமொன்று. ஈடித் தாம்சன் என்னும் வரலாற்றாசிரியை தம் தங்கையுடன் தொடக்கத்திலேயே பதினையாயிரம் மேற்கோள்கள் தந்தவர். பின்னர்ப் பல்லாண்டு அச்சுப்படி திருத்தியவர். 1928-இல் இலண்டனில் நிகழ்ந்த நிறைவு விருந்தில் ஆடவரே அமர்ந்து உண்டனர். தாம்சனும், அகராதிப் பணியில் உழைத்த பதிப்பாசிரியர் புதல்வியர் இருவரும் மேல்மாடத்திலிருந்து பார்க்கவே இடம்பெற்றனர். இதைப் படித்துப் புன்னகை செய்யுமுன், நம் பொங்கல் விழாவில் அடுக்களையிலேயே நின்று, நிகழ்ச்சியின் ஒரு பாட்டையும் கேளாது வீடு திரும்பும் சகோதரியரை எண்ணிப் பார்ப்போமாக. நன்றியுரையில் மின்விளக்கு அமைத்தோர் பெயர் வருகின்றது. இவர்கள் பெயர் வந்ததுண்டா?

மர்ரே 1915-இல் 'டி' எழுத்துப் பகுதியில் உழைத்துக்கொண்டிருந்தபோதே மறைந்தார். எனினும் பணி நிற்கவில்லை. பிராட்லி, கிரெய்கி, ஆனியன்சு என்னும் மூவரை முன்னரே உடன்பதிப்பாசிரியராகச் சேர்த்திருந்தமையே காரணம். 1928 ஏப்ரலில் 15,490 பக்கங்களுடனும் 4,14,825 சொற்களுடனும் அகராதி முற்றுப்பெற்றது. தொடங்கியது முதல் எழுபத்தோராண்டு! நம் கட்டுமரமும் சுருட்டும் மிளகுதண்ணீரும் 'கட்டமரான்' 'செரூட்' 'மல்லிகடானி' என உருமாறி அதில் இடம்பெற்றிருப்பது நமக்கொரு மகிழ்ச்சி.

நாம் கொள்ளத்தக்கது

நிற்க. அகராதி எங்கே, நம் சங்கம் எங்கே என்று சிலர் வினவலாம். அளவு வேறு, முறை ஒன்றே. 'யாராவது வாருங்கள்' என்று அழைப்பதை விடுத்து, 'மாதத்தில் இரண்டு ஞாயிறு, காலை ஒரு மணி நேரம், பத்துக் குழந்தைகளுக்கு உயிரெழுத்து' என்று கேட்போம். நூலக அலமாரியை அடுக்கித் தந்த இளைஞரிடம், அவ்வாண்டு எத்தனை நூல்கள் வெளிச்சென்றன என்று சொல்வோம். பாடத் தெரிந்தவரைக் கணக்கெழுதவும் கணக்கறிந்தவரை வரவேற்புரைக்கவும் வைத்து இருவரையும் இழவாதிருப்போம். மாற்றல் உத்தரவு வந்து வேற்றூர் செல்லும் அன்பர்க்கு மாலையிடுவதோடு அமையாமல், ஆண்டுக்கொரு கடிதம் எழுதுவோம். ஒவ்வொரு பொறுப்பிலும் இருவரை வைப்போம். ஒருவர் செல்லும் நாளில் மற்றவர் நிற்பார்.

மூன்றாம் முறையாகத் தமிழ் வகுப்பை இவ்வாண்டு தொடங்க எண்ணியுள்ளோம். அதற்கு வருவோர் தம் சீட்டு அடுப்பிற்குப் போகாது, அறையிற் சேரும் என்று நம்பும்படி நடப்பது நம் கடன். அக்கடனை நாம் ஆற்றுவோமாயின் தொண்டர் குறையார். தொண்டர் குறையாதவரை நம் மக்கள் நாவில் தமிழும் குறையாது.