கொல்லிமலை ஏறிய யாழ்

கொல்லிமலைக்கு இன்று எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்து ஏறுகிறது. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் அந்த மலைக்காட்டில் ஒரு பாணர் கூட்டம் நடந்து போன கதையை வன்பரணர் புறநானூற்றின் 152ஆம் பாட்டில் சொல்கிறார். ஒரு வேட்டுவன் விட்ட அம்பு யானையைச் சாய்த்துவிட்டு புலி, மான், பன்றி என்று வரிசையாகத் துளைத்துப் போய், கடைசியில் புற்றில் இருந்த உடும்பில் தைக்கிறது. கூலிக்கு வேட்டையாடுகிறவனாக ஆள் தெரியவில்லை. மலையை ஆளும் வல்வில் ஓரிதானோ என்று பாணருக்கு ஐயம். எதற்கும் பாடிவிடுவோம் என்று கருவிகளை எடுக்கிறார்கள். முழவு, தூம்பு, எல்லரி, ஆகுளி, பதலை. அவற்றோடு யாழும் பண்ணுக்கு அமைகிறது.

எனக்கு அந்த யாழின் மேல்தான் கண். வெறும் குரலைச் சுமந்து மலையேற முடியும். யாழைச் சுமப்பது வேறு வேலை. அதன் வயிற்றை மூடியிருப்பது தோல். மலையில் பனி இறங்கினால் தோல் தளரும், சுருதி இறங்கும். வளைந்த தண்டுக்கு முன்னால் தாங்குகால் இல்லாததால் ஒரு நரம்பை இறுக்கினால் தண்டு சற்று வளைந்து கொடுக்கும், மற்ற நரம்புகள் தளர்ந்துவிடும். ஆகவே எல்லாவற்றையும் மறுபடி சேர்க்க வேண்டும். கொல்லிக் காட்டில் அந்த நேரத்தில் யாழைப் பண்ணில் நிறுத்தியவர் பாடகர் மட்டும் அல்லர், பழுது பார்க்கவும் தெரிந்தவர்.

அந்தப் பொருள் எங்கிருந்து புறப்பட்டது? பெரும்பாணாற்றுப்படையில் ஒரு கோவலன் குமிழ மரத்தின் உள்துளை கொண்ட கிளையை வில்லாக வளைக்கிறான். மரலின் நாரை முறுக்கி நரம்பாகக் கட்டுகிறான். மேய்ச்சல் நிலத்தில் கிடைத்ததை வைத்துச் செய்த வில்யாழ் அது. அங்கிருந்து பாணர் கையிலிருந்த சீறியாழுக்கும் பேரியாழுக்கும் வந்து சேர எத்தனை தலைமுறைத் தச்சர்கள் வேலை செய்திருப்பார்கள்!

அந்த வேலையின் நுட்பம் முழுவதும் முடத்தாமக்கண்ணியாரின் பொருநராற்றுப்படையில் இருக்கிறது. கரிகாலனைப் பாடும் நூல் அது. தொடக்கத்திலேயே யாழை அங்கம் அங்கமாகப் பிரித்துக் காட்டுகிறது. யாழின் வயிறான பத்தரின் வடிவம் மானின் குளம்பு பதிந்த தடம். அதன் மேல் போர்த்த தோலின் நிறம் விளக்குச் சுடர். தோலை இறுக்கிய ஆணிகள் வளை நண்டின் கண்கள். ஒலி வெளிவரும் வறுவாய் எட்டாம் நாள் பிறை. தண்டு தலை நிமிர்ந்த பாம்பு. அதில் நரம்பைக் கட்டும் திவவுகள் கருநிறப் பெண்ணின் முன்கை வளைகள். நரம்போ குற்றித் தவிடு நீக்கிய தினையரிசி போல, விரலை உறுத்தும் முரடு ஏதும் இல்லாதது. இவற்றை அழகுக்காகச் சொன்ன உவமைகள் என்று பள்ளியில் படித்துக் கடந்துவிட்டோம். ஒரு கருவி செய்கிறவர் படித்தால் ஒவ்வொன்றும் அளவாகவும் பதமாகவும் தெரியும். ஆணியை எவ்வளவு வெளியே விடுவது, நரம்பை எவ்வளவு வழித்தெடுப்பது, வாயை எந்த வடிவில் வெட்டுவது என்று பட்டறைக்காரரிடம் கேட்டு எழுதிய புலவர் போலத்தான் முடத்தாமக்கண்ணியார் எழுதியிருக்கிறார். சிறுபாணாற்றுப்படை போர்வைத் தோலின் நிறத்துக்கு மறுபடி குமிழம்பழத்தைக் காட்டுகிறது. கூத்தருக்கு நாட்டையே கொடுத்தவனாக ஓரியைச் சொல்வதும் அந்த நூல்தான்.

ஓரியிடம் போன பாணர்களைப் பற்றி இன்னொரு செய்தியும் உண்டு. புறநானூற்றின் அடுத்த பாட்டில், பொன்னும் அணியும் நிறையப் பெற்ற பிறகு அவர்கள் ஆடலையும் பாடலையும் மறந்தே போனார்களாம். கொடையின் பெருமைக்காக வன்பரணர் சொன்னது. அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் அந்த வீடுகளில் யாழ்கள் என்னவாயின என்று என் மனம் போகிறது.

மலையிலிருந்து இறங்கிய யாழ் அரசவைக்கும் நகரத்துக்கும் போனது. அங்கே நரம்புகள் கூடின. சிலப்பதிகார உரைகள் பேரியாழுக்கு 21, சகோடயாழுக்கு 14, செங்கோட்டியாழுக்கு 7 என்று கணக்குச் சொல்கின்றன. திருத்தக்கதேவரின் சீவகசிந்தாமணியில் யாழுக்கு ஒரு தேர்வே நடக்கிறது. காந்தருவதத்தையை இசையில் வெல்ல வந்த சீவகனிடம் ஒவ்வொரு யாழாகக் கொடுக்கிறார்கள். ஒன்றை நீரில் நின்று இளகிய மரம் என்று தள்ளுகிறான். ஒன்று வாள் வெட்டுப்பட்ட மரம். ஒன்று இடி விழுந்த மரம். பிறகு ஒரு நரம்பின் முறுக்கைப் பிரித்து, உள்ளே கிடந்த மயிரை எடுத்துக் காட்டுகிறான். வாசித்துப் பார்ப்பதற்கு முன்பே இவ்வளவும்! மரத்தின் வரலாறு அதன் ஒலியில் இருக்கும் என்று தெரிந்தவனுக்கே இந்தக் கண் வாய்க்கும்.

இந்தக் கண்ணைப் பள்ளி வைத்தும் பழக்கலாம். இங்கிலாந்தின் நியூவார்க்கில் 1972இல் வயலின் செய்யும் பள்ளி தொடங்கியது. அந்த ஊரில் பிறகு கிட்டார் செய்வதையும் பழுது பார்ப்பதையும் பட்டப்படிப்பாகவே கற்பித்தார்கள். அப்படிப் படிப்பவர் முதலில் கற்பது இந்தச் சீவகன் பாடம்தான். மரத்தின் ஈரம், நார் ஓடும் திசை, மறைந்திருக்கும் வெடிப்பு. அதற்குப் பிறகு கணக்கு வரும். நரம்பின் நீளத்தை 17.817ஆல் வகுத்தால், விரல் நரம்பை அழுத்தும் முதல் மெட்டு எங்கே என்று தெரியும். மிச்ச நீளத்தை மறுபடி அதே எண்ணால் வகுத்தால் அடுத்த மெட்டு. உளி பிடித்த கையே பென்சிலும் பிடிக்கிறது. அந்தச் சேர்க்கைக்குத்தான் பட்டம்.

யாழுக்கு அந்தச் சேர்க்கை அறுந்துவிட்டது என்பது என் எண்ணம். ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தருடன் திருநீலகண்ட யாழ்ப்பாணர் ஊர் ஊராகப் போய் வாசித்தார். தருமபுரத்தில் சம்பந்தர் பாடிய பதிகம் யாழில் அடங்கவில்லை, மனம் உடைந்த பாணர் கருவியையே உடைக்கப் போனார், சம்பந்தர் தடுத்தார் என்று பெரியபுராணம் சொல்கிறது. இதைப் பக்திக் கதையாக மட்டும் நான் படிப்பதில்லை. யாழில் ஒரு நரம்புக்கு ஒரு சுரம். மெட்டு இல்லை, நரம்பை மெட்டின் மேல் பக்கவாட்டில் இழுத்துக் கமகம் எழுப்ப வழியில்லை. குரல் வழுக்கிப் போகும் இடத்தில் கருவி நின்றுவிடுகிறது. வீணையால் அங்கே போக முடிந்தது. தஞ்சையில் பலாமரத்தைக் குடைந்து வீணை செய்யும் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. யாழ் செய்யும் வீடு ஒன்றுகூட மிஞ்சவில்லை.

அதன் உறவுகள் வெளியூரில் பிழைத்தன. பர்மாவில் சௌங் என்ற வளைந்த யாழ் இன்றும் அரங்கேறுகிறது. மத்தியப் பிரதேசத்தில் கோண்டு மக்களின் குலக்கதை பாடும் பர்தான் பாணர்கள் பீன்பாஜா என்ற சிறு வில்யாழை வைத்திருந்தார்கள்.

தமிழில் யாழைத் திரும்பக் கூட்டியவர் விபுலாநந்த அடிகள். மட்டக்களப்புப் பக்கம் காரைதீவில் 1892இல் பிறந்தவர். இலண்டன் பல்கலைக்கழகத்தின் அறிவியல் பட்டம் பெற்றவர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர். உவமைகளை அளவுகளாகப் படிக்க இந்த இரண்டு படிப்பும் ஒரே ஆளிடம் சேர வேண்டியிருந்தது. பல ஆண்டு உழைப்பில் உருவான ‘யாழ் நூல்’ 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியது. அடுத்த மாதம் 19ஆம் தேதி அடிகள் காலமானார். நூல் நின்றது. அதை வைத்து ஆண்டுக்குப் பத்துப் பேருக்கு உளியும் கணக்கும் சேர்த்துக் கற்றுத்தரும் பட்டறை எழவில்லை என்பது என் வருத்தம்.

அண்மையில் யாழைக் கையில் எடுத்தவர் கிட்டார் செய்கிறவர் என்பதில் எனக்கு வியப்பில்லை. சென்னையில் ‘உரு’ என்ற பெயரில் கருவிகள் செய்யும் தருண் சேகர், சங்க நூல்களின் குறிப்புகளைப் பார்த்து யாழ் ஒன்றைச் செய்தார். ‘அழகி’ என்ற பாடலில் அதன் ஒலியைக் கேட்கலாம். மரத்தை மெலிதாக்குவது, நரம்பின் இழுவிசையைத் தாங்கத் தண்டை அமைப்பது எல்லாம் கிட்டாரில் பழகிய கைக்குப் பழக்கமான வேலை.

ஒரு தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இதற்குப் பட்டப்படிப்பு தொடங்கினால், முதல் மாணவருக்கு என்னிடம் ஓர் ஆய்வுத் தலைப்பு இருக்கிறது. கோவலன் கட்டியது மரல் நார். சீவகன் பிரித்தது மயிர் ஒளிந்துகொள்ளும் அளவுக்கு முறுக்கேறிய நரம்பு. பொருநராற்றுப்படையின் பொருநன் தொட்டது தினையரிசி போல வழவழத்தது. மூன்றும் ஒரே பொருளா? மரல் நார், பட்டு, குடல் என்று மூன்றையும் ஒரே தடிப்பில் முறுக்கி, ஒரே குமிழம் பத்தரில் கட்டி, கொல்லிமலையின் பனியில் ஓர் இரவும் நாமக்கல் வெயிலில் ஒரு பகலும் வைத்து, எது எத்தனை சுருதி இறங்குகிறது என்று அளந்து எழுதலாம்.