சட்டத்துக்குள் ஊரைக் கொண்டுவந்தவர்

அனைத்துச் சாதியினரும் அர்ச்சகர் ஆகலாம் என்ற முழக்கம் தமிழகத்தில் முதன்முதலாகச் சட்ட வடிவம் பெற்றது 1970இல். கோயில்களில் அர்ச்சகர் பதவி தந்தைக்குப் பின் மகனுக்கு என்று வாரிசு முறையில் போவதை ஒழிக்க கருணாநிதி அரசு அந்த ஆண்டு டிசம்பரில் அறநிலையச் சட்டத்தைத் திருத்தியது. பெரியார் அறிவித்த கருவறை நுழைவுப் போராட்டம் அதற்குப் பின்னணி என்பது பலருக்கும் தெரியும். ஆனால் அந்த மசோதாவின் நோக்க விளக்கவுரை ஆதாரமாகக் காட்டியது வேறொன்றை: 1969இல் வெளிவந்த மத்திய அரசுக் குழு ஒன்றின் அறிக்கையை. பரம்பரைப் புரோகிதத்தை ஒழிக்க வேண்டும், அங்கீகரிக்கப்பட்ட நிறுவனங்களில் முறையாகப் பயிற்சி பெற்ற எவரும் சாதி வேறுபாடின்றி அந்தப் பணிக்கு வரலாம் என்று அக்குழு பரிந்துரைத்திருந்தது.

குழுவின் முழுப்பெயர், தீண்டாமை மற்றும் பட்டியல் சாதியினரின் பொருளாதார, கல்வி வளர்ச்சிக்கான குழு. நாடு அதை இளையபெருமாள் குழு என்றே அழைத்தது. தலைவர் எல். இளையபெருமாள், தென்னாற்காடு மாவட்டத்துக் காட்டுமன்னார்கோயிலில் 1924இல் பிறந்தவர்.

வீராணம் ஏரியும் கொள்ளிடமும் பாயவைத்த நெல் பூமி அது. நிலம் ஒரு தெருவில், உழைப்பு இன்னொரு தெருவில். சேரியில் பிறந்தவருக்கு வயல்வேலையோடு சில கட்டாயங்களும் இருந்தன. ஊரில் மாடு செத்தால் தூக்க வேண்டும். சாவு விழுந்தால் பறையடிக்க வேண்டும். கூலி கேட்டு வாங்கும் வேலையாக யாரும் அவற்றை நினைக்கவில்லை. பெரியபுராணம் நந்தனாரின் ஊராகச் சொல்லும் ஆதனூர் இந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. அருகிலுள்ள சிதம்பரத்தில் 1916இல் சுவாமி சகஜானந்தர் தொடங்கிய நந்தனார் கல்விக் கழகம் ஒரு தலைமுறைக்கே எழுத்தறிவித்தது.

இளையபெருமாள் படித்த பள்ளியில் குடிநீருக்கு இரண்டு பானைகள் இருந்தன. ஒன்று எல்லோருக்கும், மற்றது தாழ்த்தப்பட்ட மாணவர்களுக்கு மட்டும். அந்தத் தனிப்பானையை அவர் உடைத்தார். பின்னாளில் அவரைப் பற்றிப் பேசியவர்கள் அனைவரும் தவறாமல் சொல்லும் நிகழ்ச்சி இது. வளர்ந்தபின், செத்த மாடு தூக்குவதில்லை, பறையடிப்பதில்லை என்று கிராமம் கிராமமாகப் போய்ச் சேரி மக்களைத் திரட்டினார். மறுத்தவர்களுக்கு அடியும் விழுந்தது, வேலையும் போனது. சட்டம் எழுதும் இடத்துக்கு அவர் போனபோது இந்த அனுபவமெல்லாம் உடன் சென்றது.

1952இல் நடந்த முதல் பொதுத்தேர்தலில் ஒரே தொகுதியில் இரண்டு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் இரட்டை உறுப்பினர் முறை இருந்தது. பொது இடத்துக்கு ஒருவர், பட்டியல் சாதியினருக்கு ஒருவர். கடலூரிலிருந்து காங்கிரஸ் சார்பில் மக்களவைக்குச் சென்றபோது இளையபெருமாளுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. 1957இல் சிதம்பரம், 1962இல் திருக்கோவிலூர் என்று அடுத்த இரண்டு தேர்தல்களிலும் வென்றார்.

அவர் உறுப்பினராக இருந்த முதல் மக்களவையில்தான் தீண்டாமைக் குற்றச் சட்டம் நிறைவேறியது. தீண்டாமையை ஒழிக்கும் பிரிவை அரசியல் நிர்ணய சபை 1948 நவம்பர் 29 அன்றே ஏற்றிருந்தது. ஆனால் மீறினால் என்ன தண்டனை என்று சொல்லும் சட்டம் வேண்டுமே! உள்துறை அமைச்சர் கட்ஜு 1954இல் மசோதாவைக் கொண்டுவந்தார். அடுத்து வந்த கோவிந்த வல்லப பந்த் காலத்தில் அது நிறைவேறி, 1955 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. கோயில், கிணறு, கடை, பள்ளி, மருத்துவமனை எங்கும் தீண்டாமையின் பெயரால் தடுப்பது குற்றம் ஆயிற்று. அதிகபட்சத் தண்டனை ஆறு மாதச் சிறை, அல்லது 500 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

சட்டத்தில் பெரிய ஓட்டை ஒன்று இருந்தது. குற்றத்தை இரு தரப்பும் ராஜியாகத் தீர்த்துக்கொள்ளலாம் என்று அதன் 15ஆம் பிரிவு அனுமதித்தது. நகரத்தில் இருந்து பார்த்தால் இது பெருந்தன்மையான ஏற்பாடாகத் தெரியலாம். கிராமத்தில் கதை வேறு. தேநீர்க் கடையில் தனிக் குவளை வைத்த கடைக்காரர் மீது ஒரு விவசாயக் கூலி புகார் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரருக்கு வேண்டியவர்தான் கூலிக்காரருக்கு வேலை கொடுக்கும் மிராசுதார். குடியிருக்கும் மனையும் அவருடையது. பொங்கலுக்கு வாங்கிய கடனும் அவரிடமே. இரவோடு இரவாகப் பஞ்சாயத்து கூடும், காலையில் ராஜி எழுதப்படும். சட்டப்படி வழக்கு முடிந்துவிட்டது. தனிக் குவளை மட்டும் அங்கேயே இருக்கும். எதிரி மன்னிப்புக் கேட்கத் தேவையில்லாத ராஜி அது.

சட்டம் வந்து பத்தாண்டு ஆகியும் தீண்டாமை குறையவில்லை என்ற குரல் நாடாளுமன்றத்தில் வலுத்த நிலையில், 1965இல் மத்திய அரசு இந்தக் குழுவை அமைத்து இளையபெருமாளைத் தலைவராக்கியது. குழு மாநிலங்களுக்குக் கேள்விப் பட்டியல் அனுப்பியது, பயணம் போனது, அதிகாரிகளையும் மக்களையும் நேரில் விசாரித்தது. பள்ளியில் எங்கே உட்கார வைக்கிறார்கள், கிணற்றில் யார் நீர் இறைக்கிறார்கள், முடி திருத்துபவர் வெட்டுகிறாரா, சலவைக்காரர் துணி எடுக்கிறாரா என்று தேடி மாநிலவாரியாகப் பதிவு செய்தது. தீண்டாமை, பொருளாதாரம், கல்வி என்ற மூன்றையும் ஒரே அறிக்கையில் வைத்தது அக்குழுவின் தெளிவு. நிலமும் குடிமனையும் இல்லாதவரால் நீதிமன்றப் படியேற முடியாது என்பதை அந்த அமைப்பே சொல்லிவிடுகிறது.

இடையில் அரசியல் புரண்டது. 1967 தேர்தலில் தமிழகத்தில் காங்கிரஸ் மக்களவைக்கு மூன்றே இடங்களைப் பிடித்தது. நான்காவது மக்களவையில் இளையபெருமாள் இல்லை. குழுவின் வேலை மட்டும் நிற்கவில்லை. அந்தக் காலத்து நாளிதழ்களைப் புரட்டினாலே அதன் அவசியம் விளங்கும். 1968 பிப்ரவரியில் ஆந்திரத்தின் கஞ்சிகசர்லாவில் கோட்டேசு என்ற தலித் இளைஞர் திருட்டுப் பழி சுமத்தப்பட்டு உயிரோடு எரிக்கப்பட்டார். அதே ஆண்டு டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் குடிசைக்குள் அடைபட்டு 44 பேர் கருகினர். அதற்கடுத்த ஆண்டு, 1969இல் அறிக்கை வந்தது.

அறிக்கைகள் அலமாரியில் தூங்குவது வழக்கம். இது மெதுவாக நகர்ந்தாலும் நகர்ந்தது. அதன் பரிந்துரைகளை அடிப்படையாகக் கொண்ட திருத்த மசோதா 1972இல் மக்களவைக்கு வந்து, இரு அவைகளின் கூட்டுக் குழு ஆய்வைக் கடந்து, 1976இல் சட்டமானது. பழைய சட்டம் ‘குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம்’ என்ற புதிய பெயருடன் 1976 நவம்பர் 19 அன்று நடைமுறைக்கு வந்தது.

மாற்றங்களைக் கிராமத்துக் கண்ணோடு படிக்க வேண்டும். ராஜிக்கு இனி இடமில்லை. குறைந்தபட்சம் ஒரு மாதச் சிறையும் 100 ரூபாய் அபராதமும் கட்டாயம் என்பதால், நீதிபதி சும்மா எச்சரித்து அனுப்ப முடியாது. விசாரணையை வேண்டுமென்றே புறக்கணிக்கும் அரசு ஊழியர் குற்றத்துக்கு உடந்தையாகக் கருதப்படுவார் என்று 10ஆம் பிரிவில் சேர்ந்தது; புகாரை வாங்க மறுக்கும் காவல் நிலையத்துக்கு எழுதப்பட்ட வரி அது. ஊரே சேர்ந்து செய்தால் ஊருக்கே கூட்டு அபராதம் விதிக்கலாம். தண்டிக்கப்பட்டவர் தேர்தலில் நிற்கும் தகுதியை இழப்பார். 7ஏ பிரிவு, ஒருவரைத் தீண்டாமையின் பெயரால் துப்புரவு செய்யவோ, செத்த மாட்டை அகற்றவோ, தோலுரிக்கவோ கட்டாயப்படுத்துவதைத் தீண்டாமைக் குற்றம் என்கிறது. தென்னாற்காட்டுச் சேரிகளில் இளைஞர் இளையபெருமாள் எழுப்பிய கோரிக்கை இந்தியா முழுமைக்குமான சட்டப் பிரிவாகிவிட்டது.

இன்னொரு பிரிவு குறைவாகவே பேசப்படுகிறது. 15ஏ பிரிவின்படி, இந்தச் சட்டத்தை நடைமுறைப்படுத்த எடுத்த நடவடிக்கைகள் பற்றி மத்திய அரசு ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் அறிக்கை வைக்க வேண்டும். ஒரு குழு ஒருமுறை செய்த கணக்கெடுப்பை நாடாளுமன்றத்தின் நிரந்தரக் கடமையாக்கிய ஏற்பாடு இது.

கோயில் பரிந்துரையின் பாதை இன்னும் நீண்டது. 1970ஆம் ஆண்டுத் திருத்தத்தை எதிர்த்த சேஷம்மாள் வழக்கில் 1972 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் வாரிசுரிமை ஒழிப்பை ஏற்றது. ஆனால் நியமனம் ஆகமத்துக்கு உட்பட வேண்டும் என்றது. 2006இல் மீண்டும் அரசாணை, அடுத்த ஆண்டில் அர்ச்சகர் பயிற்சிப் பள்ளிகள், 2015 டிசம்பரில் மறுபடி உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. 2021 ஆகஸ்டில்தான் பயிற்சி பெற்ற பல சாதிகளைச் சேர்ந்த 24 பேர் ஒரே நாளில் பணியாணை பெற்றார்கள். பரிந்துரைக்கும் பணியாணைக்கும் இடையே அரை நூற்றாண்டு. அதைப் பார்க்க இளையபெருமாள் இல்லை.

அவர் பின்னர் தமிழ்நாடு காங்கிரஸ் தலைவராகவும், 1980 முதல் எழும்பூர் சட்டமன்ற உறுப்பினராகவும் இருந்தார். ‘சித்திரை நெருப்பு’ என்று தன் வரலாற்றை எழுதினார். 2005இல் மறைந்தார். பட்டியல் சாதி உறுப்பினர் என்றால் தன் தொகுதிக்குச் சாலையும் கிணறும் கேட்பவர் என்று நினைத்த காலத்தில், நாட்டின் குற்றவியல் சட்டத்தையே திருத்த வைத்தவர் அவர். மண்டல் குழுவுக்கு நம் பொதுப்பேச்சில் கிடைத்த இடத்தில் கால்பங்குகூட இளையபெருமாள் குழுவுக்குக் கிடைக்கவில்லை. சட்டக் கல்லூரி மாணவர்களும் புதிதாகச் சட்டமன்றம் செல்பவர்களும் அந்த 1969ஆம் ஆண்டு அறிக்கையை முழுமையாகப் படிக்க வேண்டும். 15ஏ பிரிவின் கீழ் ஆண்டறிக்கை ஒழுங்காக அவைக்கு வருகிறதா என்று நம் உறுப்பினர்கள் ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் கேட்க வேண்டும்.